‘ஓடாது சார்’ என்று சொல்வதற்கு முன்



கொஞ்சம் நீளமான பதிவு. நான் எதைப் போட்டாலும் அரை நிமிடத்தில் கைகூப்பிய படம் போட்டு ‘அருமை சார்’ என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் இன்று ஒருநாள் கடைசி வரை படித்துவிட்டு எழுதுங்கள். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். 33 வருடம் உங்களைத் திட்டிப் பழகிய வாய், ஓய்வு பெற்றதும் சும்மா இருக்குமா?

போன ஆகஸ்டில் நடந்தது இது. என்னிடம் தொண்ணூறுகளில் பத்தாம் வகுப்புப் படித்த ஒரு பெண். இப்போது வீட்டுத் திண்ணையில் தையல் மிஷின் போட்டுப் பிழைக்கிறாள். கணவர் இல்லை. மகள் பாலிடெக்னிக்கில் சிவில் படிக்கிறாள். “பொண்ணுக்கு ஆட்டோகேட் வேணுமாம் சார், காலேஜ்ல மட்டும் போட்டா பத்தலையாம்” என்று வந்து நின்றாள். என் மகன் 2017இல் வாங்கி, வேறு வாங்கிய பிறகு எனக்கு விட்டுச்சென்ற லேப்டாப் ஒன்று மேசையில் சும்மா கிடந்தது. நான் அதில் செய்தித்தாள் படிப்பதும், பேரனோடு வீடியோவில் பேசுவதும்தான். எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். அந்தப் பெண் குழந்தை அதைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு போனதை என் வீட்டம்மா இன்றும் சொல்வார்.

நான்கு நாள் கழித்து போன். “சார், கடையில காட்டினேன். இது ஓடாதாம். அக்டோபரோட விண்டோஸ் முடியுதாம். புதுசு எடுத்தாத்தான் உண்டுன்னு சொல்றாங்க. என்ன செய்யட்டும்?”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “கடைக்காரருக்குத் தெரியாதாம்மா? அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றேன். அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இந்தப் பதிவில் யாரைத் திட்டினாலும் முதல் பிரம்படி எனக்கு என்று வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அரைப் பவுன் தோட்டை அடகு வைத்தாள். 21,500 ரூபாய்க்குப் புது லேப்டாப். பழையதைக் கடைக்காரர் 2,000 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார். பெட்டி பிரித்து, பொட்டு வைத்து, சூடம் காட்டி, ஆட்டோகேட்டை ஏற்றினால் மெஷின் மூச்சு வாங்குகிறது. ஒரு வீட்டு வரைபடத்தைத் திறந்தால் திரை அப்படியே நின்றுவிடுகிறது. பெண் குழந்தை தான்தான் ஏதோ தப்பாகச் செய்கிறோம் என்று நினைத்து மூன்று நாள் அம்மாவிடம்கூடச் சொல்லாமல் அழுதிருக்கிறது.

அப்புறம்தான் நான் அந்தப் புது மெஷினின் அட்டைப்பெட்டியை வாங்கிப் பார்த்தேன். செலரான் என்4020 ப்ராசஸர். ராம் 4 ஜிபி, அதுவும் போர்டோடு பற்றவைத்தது, பிறகு கூட்ட முடியாது. சேமிப்பு 64 ஜிபி. நான் கொடுத்த பழையதில் இருந்தது கோர் ஐ5-7200யு, 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. ஆட்டோகேட் நிறுவனம் தன் சொந்தப் பக்கத்திலேயே, அண்மைப் பதிப்புகளுக்குக் குறைந்தது 8 ஜிபி ராம் வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறது. படித்துப் பார்க்கக் காசு கேட்பதில்லை. ஓடக்கூடியதைக் கொடுத்துவிட்டு, ஓடாததை வாங்கி வந்திருக்கிறோம். நடுவில் ஒரு தோடு போயிற்று.

கடைக்குப் போனேன். அவரும் என் மாணவர்தான். பெயரோ கடையோ கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார், நாற்காலி போட்டார், டீ சொன்னார். மரியாதைக்குக் குறைவில்லை. “நான் ஏமாத்தல சார். அதுவே சொல்லுது பாருங்க” என்று சொல்லி, கணினி சரிபார்க்கும் செயலியை வேறொரு பழைய மெஷினில் ஓட்டிக் காட்டினார். விண்டோஸ் 11 வைக்க இந்தக் கணினி தகுதி பெறவில்லை என்று திரையில் வந்தது. “இதே மாதிரிதான் சார் உங்க மெஷின்லயும் வந்துச்சு.”

“சரிப்பா, அந்த மெஷின் எங்கே?”

“அதை வித்தாச்சு சார். டிடிபி போடறவர் ஒருத்தர் 11,000க்கு எடுத்துட்டுப் போனாரு. நல்லா ஓடுதாம்.”

அவர் அதைச் சொன்னபோது தான் என்ன சொல்கிறோம் என்பதை உணரவே இல்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. அவர் திருடர் இல்லை. திரையில் வந்த ஒரு வரியைப் படித்தார், நம்பினார், நம்பியதை அடுத்தவர் தலையில் கட்டினார்.

கணக்கு வாத்தியார் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன். என் தேர்வில் விடையை மட்டும் எழுதிவிட்டுப் படிகளை எழுதாமல் விட்டால் என்ன போடுவேன்? உங்களுக்கு மறந்திருக்காது. 2021 ஜூனில் விண்டோஸ் 11 பற்றி மைக்ரோசாஃப்ட் அறிவித்தபோது, பிசி ஹெல்த் செக் என்ற அந்தச் செயலியையும் வெளியிட்டது. பல பேருடைய கணினியில் அது ‘முடியாது’ என்று மட்டும் சொன்னது. ஏன் முடியாது, எது குறைகிறது என்று சொல்லவில்லை. உலகம் முழுக்கச் சத்தம் போட்டார்கள். நிறுவனம் அதைத் தற்காலிகமாகத் திரும்ப எடுத்துக்கொண்டு, பிறகு காரணத்தையும் காட்டும்படித் திருத்தி விட்டது. அதாவது படிகளோடு எழுதிக் கொடுத்தது. இன்று அது காரணத்தைச் சொல்கிறது. நம் ஆட்கள்தான் இன்னும் விடையை மட்டும் படிக்கிறார்கள்.

‘ஓடாது’ என்ற சொல்லுக்குள் மூன்று வேறு வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. இதைப் பிரித்துப் பார்க்காமல் அந்தச் சொல்லைச் சொல்வதைத்தான் நான் குற்றம் என்கிறேன்.

முதலாவது, உண்மையிலேயே முடியாது. 32 பிட் ப்ராசஸரில் 64 பிட் மென்பொருள் ஓடாது, தலைகீழாக நின்றாலும் ஓடாது. ஆர்ம் வகை ப்ராசஸரை ஏற்க மாட்டோம் என்று ஆட்டோகேட் நிறுவனம் எழுதியிருக்கிறது. இன்று அந்த வகையில் வரும் விண்டோஸ் லேப்டாப்புகள் சில விலை உயர்ந்தவை, பேட்டரி நாள் முழுக்க நிற்கும், பார்க்கவும் லட்சணமாக இருக்கும். ஆனால் சிவில் படிக்கும் பிள்ளைக்கு அதை வாங்கிக் கொடுக்கலாமா என்று இரண்டு முறை யோசிக்க வேண்டும். விலை கூடினால் எல்லாம் ஓடும் என்பதும் இன்னொரு மூடநம்பிக்கை.

இரண்டாவது, ஓடும், ஆனால் தவழும். ராம் குறைவு, பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க், நிரம்பி வழியும் சி டிரைவ். இவற்றில் பாதிக்கு மருந்து உண்டு. ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் பத்து வயது மெஷின்கூட எழுந்து உட்காருவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ராம் கூட்ட இடம் இருந்தால் கூட்டலாம். சில ஆயிரத்தில் முடிகிற வேலை. “புதுசு எடுத்தாத்தான் உண்டு” என்பது இந்த இடத்தில் பொய்.

மூன்றாவதுதான் வில்லங்கமானது. ஓடும், ஆனால் அனுமதி இல்லை. விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் கேட்பது 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பு, செக்யூர் பூட், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு. அதற்கு மேல் ஒரு ப்ராசஸர் பட்டியல். இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறை முதல்தான் அந்தப் பட்டியலில் இடம். ஏழாம் தலைமுறையில் மிகச் சிலவற்றைத் தவிர எல்லாமே வெளியே. என் பழைய மெஷின் ஏழாம் தலைமுறை. அதே ஏழாம் தலைமுறையில் வந்த கோர் ஐ7-7700, அந்தக் காலத்தில் மேசைக் கணினிகளில் ராஜா, அதற்கும் இடமில்லை. நாம் தோடு அடகு வைத்து வாங்கிய செலரான் என்4020 பட்டியலில் இருக்கிறது! அதாவது, படம் வரைய முடிந்தவனுக்கு நுழைவுச்சீட்டு இல்லை, பென்சில் பிடிக்க முடியாதவனுக்கு நுழைவுச்சீட்டு உண்டு. நுழைவுச்சீட்டு இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அவனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம்.

பெண் குழந்தை கேட்டது ‘ஆட்டோகேட் ஓடுமா?’ கடையில் பதில் வந்தது ‘விண்டோஸ் 11 ஓடாது.’ கேட்ட கேள்வி ஒன்று, சொன்ன பதில் வேறு. விடைத்தாளில் இப்படி எழுதினால் சிவப்பு மையில் சுழித்திருப்பேன். ஆட்டோகேட் அப்போது விண்டோஸ் 10இலும் ஓடியது.

இங்கே என் மருமகன் குறுக்கிடுவார் என்று தெரியும். அவர் கணினிப் பாதுகாப்புத் துறையில் இருக்கிறார். “மாமா, டிபிஎம் ஒண்ணும் சும்மா இல்ல, பாதுகாப்பு முக்கியம்.” மறுக்கவில்லை மாப்பிள்ளை. டிஸ்கைப் பூட்டி வைக்கும் சாவி போன்றவற்றை அந்தச் சில்லு பத்திரமாக வைத்துக்கொள்கிறது. வங்கி வேலை செய்கிற கணினிக்கு அது நல்லதுதான். திருத்தங்கள் வராத விண்டோஸை வைத்துக்கொண்டு வருடக்கணக்காக இணையத்தில் உலாவுவது தாழ்ப்பாள் இல்லாத வீட்டில் தூங்குவது போலத்தான். ஆனால் இரண்டு விஷயம் சொல்லாமல் விடப்படுகிறது. ஒன்று, பல கணினிகளில் டிபிஎம் ‘இல்லை’ என்று வருவது அது அணைத்து வைக்கப்பட்டிருப்பதால். இன்டெல்லில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் பயாஸுக்குள் இருக்கும். முடுக்கிவிட்டால் ‘இல்லை’ என்றது ‘இருக்கிறது’ என்று மாறும். எட்டாம் தலைமுறை மெஷினைக்கூட இதனால் கழித்துப் போட்டவர்கள் உண்டு. இரண்டாவது, விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது என்பது உண்மை. ஆனால் மறுநாள் காலையும் அந்தக் கணினிகள் வழக்கம்போல எழுந்து ஓடின. தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் நீட்டிப்பு உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, அமைப்புகளைச் சேமிக்கும் வசதியைப் போட்டுக்கொண்டால் அதற்குப் பணமும் கட்ட வேண்டாம். இதைக் கவுண்ட்டரில் நின்று யாராவது உங்களிடம் சொன்னார்களா? சொன்னவருக்கு என் சார்பில் ஒரு சால்வை.

‘ஓடும்’ என்பதிலும் இதே ஏமாற்று உண்டு. 2006இல், விண்டோஸ் விஸ்டா வருவதற்கு முன்பே, கடையில் இருந்த எக்ஸ்பி கணினிகள் விற்காமல் தேங்கிவிடக் கூடாது என்று ‘விஸ்டாவுக்குத் தகுதியானது’ என்ற ஸ்டிக்கரை ஒட்டி விற்றார்கள். அவற்றில் பலவற்றில் விஸ்டாவின் அடிப்படைப் பதிப்பு மட்டும்தான் ஓடும். விளம்பரத்தில் காட்டிய கண்ணாடி போன்ற ஜன்னல்கள் எதுவும் வராது. அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். வழக்கில் மைக்ரோசாஃப்ட்டின் உள் மின்னஞ்சல்கள் வெளியே வந்தன. அதில் அந்த நிறுவனத்தின் துணைத் தலைவர் ஒருவரே, ஸ்டிக்கரை நம்பி 2,100 டாலருக்கு ஒரு லேப்டாப் வாங்கி, கடைசியில் மின்னஞ்சல் பார்க்க மட்டும் ஆகிற மெஷினாகப் போய்விட்டது என்று புலம்பியிருந்தார்! செய்தவர்களே ஏமாந்தார்கள் என்றால் திண்ணையில் தைக்கிறவள் எந்த மூலைக்கு? அந்த வழக்கு பிறகு எல்லோருக்குமான பொது வழக்காக நிற்காமல் போய்விட்டது. அது வேறு கதை.

எண்பதுகளில் ஐபிஎம் பிசியைப் பார்த்து மற்ற நிறுவனங்கள் அதே போன்ற கணினிகளைச் செய்யத் தொடங்கியபோது, ‘இது ஐபிஎம் போலவே வேலை செய்யுமா’ என்று எப்படிப் பார்த்தார்கள் தெரியுமா? லோட்டஸ் 1-2-3 என்ற கணக்கு மென்பொருளையும், ஃபிளைட் சிமுலேட்டர் என்ற விமான விளையாட்டையும் ஏற்றி ஓட்டினார்கள். இரண்டும் தடுமாறாமல் ஓடினால் பாஸ். எவ்வளவு எளிமை பாருங்கள்! ஓடுமா என்று தெரிய ஓட்டிப் பார்த்தார்கள். ஆட்டோகேட் மாணவர்களுக்கு இலவசமாகவே கிடைக்கிறது. கல்லூரி அடையாளத்தைக் காட்டினால் ஒரு வருடத்துக்குத் தருவார்கள், புதுப்பித்துக்கொள்ளலாம். அந்தப் பழைய லேப்டாப்பில் ஏற்றி ஒரு படத்தைத் திறந்து பார்த்திருந்தால் அன்று மாலைக்குள் விஷயம் முடிந்திருக்கும்.

என் பேரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெங்களூரில் ஏழாம் வகுப்பு. உண்டியல் காசில் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு வாங்க வேண்டும் என்றான். வாங்கும் முன் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, ‘கேன் யூ ரன் இட்’ என்ற தளத்தைத் திறந்தான். விளையாட்டின் பெயரைக் கொடுத்தால், உன் கணினியில் என்ன இருக்கிறது, விளையாட்டு என்ன கேட்கிறது என்று இரண்டையும் வரிசையாக வைத்துக் காட்டுகிறது. எது பாஸ், எது ஃபெயில் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. அதையும் முழுதாக நம்பாமல், விளையாட்டு விற்கும் பக்கத்தில் குறைந்தபட்சம், பரிந்துரை என்ற இரண்டு கட்டத்தையும் படித்தான். “தாத்தா, கிராஃபிக்ஸ் மட்டும் மினிமம்தான் இருக்கு. செட்டிங்ஸை லோ பண்ணிக்கணும்” என்றான். “ஓடலேன்னா காசு போச்சேடா?” என்றேன். ஸ்டீம் என்ற அந்தக் கடையில் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால், திருப்பிக் கொடுத்துவிடலாமாம். சில நூறு ரூபாய் விளையாட்டுக்கு அந்தப் பொடியன் பார்த்த பார்வையில் பத்தில் ஒரு பங்கு, 21,500 ரூபாய்க்கு நாம் ஒருவரும் பார்க்கவில்லை. நான், கடைக்காரர், கல்லூரி என்று எல்லோரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கல்லூரிகளுக்கும் சொல்ல வேண்டும். ‘மாணவர்கள் லேப்டாப் வைத்திருப்பது நல்லது’ என்று சுற்றறிக்கை அனுப்புகிறீர்கள். என்ன லேப்டாப்? எந்த மென்பொருளை, எந்தப் பதிப்பை நீங்கள் சொல்லிக் கொடுக்கப் போகிறீர்கள்? அதற்கு எவ்வளவு ராம் வேண்டும்? நாலு வரி. சேர்க்கைக் கடிதத்தில் சீருடையின் நிறத்தை அவ்வளவு துல்லியமாக எழுதத் தெரிந்தவர்களுக்கு இது எழுதத் தெரியாதா? என் மாணவர்களில் குறைந்தது ஆறேழு பேர் கல்லூரிகளில் விரிவுரையாளர்கள். உங்களைத்தான் கேட்கிறேன்.

குறைந்தபட்சம் என்றால் என்ன, பரிந்துரை என்றால் என்ன என்பதிலும் பலருக்குக் குழப்பம். 35 மார்க், 80 மார்க். அவ்வளவுதான். 35 வாங்கினவன் பாஸ்தான், ஆனால் அவனை நம்பி அடுத்த பாடத்தை நடத்த முடியாது. ஆட்டோகேட்டுக்கு 8 ஜிபி என்பது அந்த 35. முப்பரிமாணப் படங்கள் வரைய வேண்டுமென்றால் அதற்கு மேல் வேண்டும். அந்தப் பெண் குழந்தைக்கு இரண்டாம் ஆண்டில் தேவைப்பட்டது சாதாரணக் கட்டட வரைபடம். 35 போதும். அதுவும் கையில் இருந்தது.

“ஐ5 சார்” என்று சொல்லி நிறுத்துகிறவர்களிடம் ஒரு வார்த்தை. ஐ5 என்ற பெயர் 2009இலிருந்து இருக்கிறது. ‘டிகிரி படிச்சிருக்கார்’ என்று மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்வது போலத்தான் அது. எந்த வருஷம், எந்தப் படிப்பு? ஐ5க்குப் பின்னால் வரும் எண்ணைப் படியுங்கள். 7200 என்றால் ஏழாம் தலைமுறை, 8250 என்றால் எட்டு, 10210 என்றால் பத்து. கடைசியில் யு என்று இருந்தால் மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கிற வகை. இதைத் தெரிந்துகொள்ள இன்ஜினியரிங் வேண்டாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் என்ற பக்கத்தில் ப்ராசஸரின் முழுப் பெயர், ராம் எவ்வளவு, டிஸ்க் எஸ்எஸ்டியா ஹார்ட் டிஸ்கா, கிராஃபிக்ஸ் எது என்று எல்லாம் இருக்கிறது. ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மென்பொருள் செய்தவரின் சொந்தப் பக்கத்தில் சிஸ்டம் ரெக்வயர்மென்ட்ஸ் என்பதைத் திறந்து, பதிப்பைச் சரியாகப் பார்த்து, பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஐந்து நிமிடம். வேட்டியில் சரிகை எத்தனை இழை என்று பார்க்க அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்கிறோம்.

வெளிநாட்டிலும் சென்னையிலும் மென்பொருள் துறையில் இருக்கும் என் செல்வங்களே, உங்கள் மீதுதான் எனக்கு அதிக வருத்தம். ஊரிலிருந்து யாராவது போன் செய்து கேட்டால் “அது பழசு அத்தை, தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிக்கோங்க” என்கிறீர்கள். உங்களுக்கு அது ஒரு வார்த்தை. அத்தைக்கு அது ஆறு மாதச் சீட்டுப் பணம். “என்ன மென்பொருள் வேணும்? என்ன ப்ராசஸர் போட்டிருக்கு?” என்று திருப்பிக் கேட்டால் வாய் வலிக்குமா? அலுவலகத்தில் ஒரு கோளாறை இப்படி ‘தூக்கிப் போடு’ என்று முடித்தால் உங்கள் மேலாளர் விடுவாரா?

கடை வைத்திருக்கும் தம்பிகளே, உங்களுக்கும் பிழைப்பு வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆன்லைனில் தள்ளுபடியில் விற்பவனோடு மல்லுக்கட்டுகிறீர்கள், வாடகை ஏறுகிறது. நான் ஒன்று சொல்கிறேன். சரிபார்ப்பதற்குக் காசு வாங்குங்கள். 200 ரூபாய் வாங்குங்கள். டாக்டர் ஊசி போடாவிட்டாலும் ஃபீஸ் வாங்குகிறார் அல்லவா? என்ன இருக்கிறது, எதற்கு எவ்வளவு வேண்டும், எது குறைகிறது, எதை மாற்றினால் சரியாகும் என்று ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அப்படி எழுதிக் கொடுக்கிற கடைக்கு நானே ஆள் அனுப்புகிறேன். புதியது விற்றால்தான் லாபம் என்ற நிலையில் நீங்கள் சொல்லும் ‘ஓடாது’வை எப்படி நம்புவது?

இன்னொன்றும் மனதில் இருக்கிறது. 2011 செப்டம்பர் 15இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. பிளஸ் டூ பிள்ளைகள் அதை வாங்கிக்கொண்டு போன நாள் எங்கள் பள்ளியில் திருவிழா போல இருந்தது. வீட்டில் மின்விசிறி இல்லாத பிள்ளை கையில் கம்ப்யூட்டர். அவற்றில் எத்தனை இன்று பரணில் கிடக்கின்றன? ‘ஓடாது’ என்று யாரோ சொன்னதால் ஏறியவைதான் பாதி என்று நினைக்கிறேன். ஆட்டோகேட் அவற்றில் ஓடாது, ஒப்புக்கொள்கிறேன். அது முதல் வகை ‘ஓடாது’, அதோடு சண்டையில்லை. ஆனால் லினக்ஸ் மின்ட் குறைந்தபட்சம் கேட்பது 2 ஜிபி ராம், 20 ஜிபி இடம். 64 பிட் மெஷினாக மட்டும் இருக்க வேண்டும். கடிதம் அடிக்கலாம், கணக்கு எழுதலாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு ஸ்க்ராட்ச் சொல்லிக் கொடுக்கலாம். பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிகளில் லினக்ஸ் வைத்துத்தான் வருடக்கணக்காகப் பாடம் நடத்துகிறார்கள். அவர்களுக்கு ஓடுவது நமக்கு மட்டும் எப்படி ஓடாமல் போகும்? நானே என் அண்ணன் வீட்டுப் பரணிலிருந்து ஒன்றை இறக்கி, மாணவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏற்றினேன். பேட்டரி செத்துவிட்டது, மின்சாரம் போனால் அணைந்துவிடும். மற்றபடி இந்தப் பதிவின் முதல் பாதியை அதில்தான் அடித்தேன். பின் பாதி போனில், ஏனென்றால் இடையில் கரண்ட் போய்விட்டது.

கதையின் மிச்சம் என்ன என்று கேட்பீர்கள். அந்தக் குழந்தை மாலை ஐந்து மணி வரை கல்லூரி லேபில் உட்கார்ந்து வரைகிறது. ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். புது லேப்டாப்பில் பாடப் படங்களைப் பார்க்கிறது. தோடு இன்னும் அடகில்தான். கடைக்காரர், நான் கேட்காமலேயே, 2,000க்கும் 11,000க்கும் இடையில் ஒரு தொகையை அந்த அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. அவர் என் மாணவர் என்பதில் அன்று கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கினேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வீட்டில், அலுவலகத்தில், யாராவது ‘ஓடாது’ என்று சொல்லி ஓரங்கட்டிய லேப்டாப் இருந்தால் கமெண்டில் எழுதுங்கள். ‘ஐ5 சார்’ என்று எழுதினால் பதில் போட மாட்டேன். ப்ராசஸரின் முழுப் பெயர் எண்ணோடு, ராம் எத்தனை ஜிபி, எஸ்எஸ்டியா இல்லையா, சார்ஜர் இருக்கிறதா. 8 ஜிபியும் அதற்கு மேலும் உள்ளது ஒன்று அவசரமாக வேண்டும், அது யாருக்கு என்று உங்களுக்குத் தெரியும். கூரியர் செலவு என்னுடையது. ஊர்ப்பக்கம் வருகிறவர்கள் ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் வீட்டுக்கே கொண்டு வாருங்கள். வருவதற்கு முன் போன் செய்யுங்கள், வீட்டம்மா எத்தனை பேருக்கு டிபன் என்று கேட்பார்.